குளிர்நீர் முக்குளிப்புக்கு டிரைசூட்டும் எடையும்: தொடக்கநிலையினருக்கான விளக்கம்

தியோமான், ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளில் ஸ்கூபா முக்குளிப்பு கற்றவர்களுக்கு நீரின் குளிர் ஒரு பொருட்டாக இருந்திருக்காது. அங்கே கடல்நீரின் வெப்பநிலை ஆண்டின் பெரும்பகுதி 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை இருப்பதால், 3 மில்லிமீட்டர் வெட்சூட்டும் இடுப்பில் 3 அல்லது 4 கிலோ எடையும் போதும். சிலர் அரைக்காற்சட்டையும் நீச்சல் சட்டையுமாகவே இறங்கிவிடுகிறார்கள். ஆனால், சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களிலிருந்து மருத்துவமோ பொறியியலோ படிக்க அயர்லாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் செல்லும் நம் பிள்ளைகள் அங்குள்ள பல்கலைக்கழக முக்குளிப்புக் கழகங்களில் சேரும்போது, இங்கே கற்ற கணக்குகளில் பெரும்பாலானவை பொருந்துவதில்லை. ஸ்காட்லாந்தின் ஓர்க்னித் தீவுகளுக்கு நடுவேயுள்ள ஸ்காப்பா ஃப்ளோவில், 1919 ஜூன் 21 அன்று ஜெர்மானியக் கடற்படையினர் தாங்களே மூழ்கடித்த போர்க்கப்பல்களைப் பார்க்க இறங்குபவர், பருவத்தைப் பொறுத்து ஏறத்தாழ 6 முதல் 14 டிகிரி வரையான நீரில் இறங்குகிறார். ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா நீர்ப்பிளவிலோ ஆண்டு முழுவதும் 2 முதல் 4 டிகிரிதான்.

அத்தகைய நீருக்கு உரிய உடை, தண்ணீரை உள்ளே விடாத டிரைசூட். அதைத் தேர்ந்தெடுப்பதும், அதனுடன் எவ்வளவு காரீய எடை அணிவது என்று முடிவு செய்வதும் இரு தனித்தனி வேலைகளாகவே பலருக்குத் தோன்றுகின்றன. கடையிலும் அவை தனித்தனி அடுக்குகளில்தான் இருக்கின்றன. உண்மையில் இரண்டும் ஒரே கேள்வியின் இரு பகுதிகள். உடலைச் சுற்றி எவ்வளவு காற்றை நீருக்குள் கொண்டு செல்லப் போகிறோம் என்பதே அந்தக் கேள்வி. வெப்பம் காக்கும் காற்று மிதக்கவும் செய்கிறது; ஆகவே வெதுவெதுப்பை வாங்கும் ஒவ்வொருவரும் அதற்கான விலையைக் காரீயத்தில் செலுத்தியாக வேண்டும். இதை மனத்தில் கொண்டால் பின்வரும் செய்திகள் எல்லாம் தாமாகவே ஒழுங்குக்கு வந்துவிடும்.

வெட்சூட் ஏன் போதாது

நீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துகிறது. 20 டிகிரிக் காற்றில் சட்டை அணிந்து மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கக்கூடிய ஒருவர், அதே வெப்பநிலையுள்ள நீரில் சிறிது நேரத்திலேயே நடுங்கத் தொடங்கிவிடுவார். வெட்சூட் என்பது நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பரில் எண்ணற்ற நுண்குமிழிகளை அடைத்துச் செய்த நுரைத்தகடு. வெப்பத்தைத் தடுப்பவை அந்தக் குமிழிகள்தான். கடல்மட்டத்தில் 1 வளிமண்டலமாக இருக்கும் அழுத்தம் 10 மீட்டரில் 2 ஆகவும், 20 மீட்டரில் 3 ஆகவும், 30 மீட்டரில் 4 ஆகவும் உயர்வதால் அந்தக் குமிழிகள் நசுங்குகின்றன, உடை மெலிகிறது. ஆக, எங்கே குளிர் மிகுதியோ அங்கேதான் வெட்சூட் மிகவும் மெல்லியதாக இருக்கிறது.

டிரைசூட் வேறு வழியில் வேலை செய்கிறது. கழுத்திலும் மணிக்கட்டுகளிலும் தோலை இறுகப் பிடிக்கும் விளிம்புகளான சீல்களும் நீர்புகாத ஜிப்பும் தண்ணீரை வெளியே நிறுத்திவிட, உள்ளே காற்றும் அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருக்கும் தடித்த உள்ளுடையான அண்டர்சூட்டும் இருக்கின்றன. ஆழத்துக்குச் செல்லச் செல்ல உள்ளிருக்கும் காற்று சுருங்கும். அப்போது மார்பிலுள்ள வால்வின் வழியாகச் சிலிண்டரிலிருந்து சிறிது காற்றைச் செலுத்தி அதை ஈடுசெய்கிறோம். இதனால் 5 மீட்டரில் இருந்த காற்றுப் படலத்தின் தடிப்பே 30 மீட்டரிலும் இருக்கிறது.

எந்த வெப்பநிலையில் மாற வேண்டும் என்பதற்குச் சட்டம் எதுவும் இல்லை. 10 டிகிரிக்குக் கீழே டிரைசூட்தான் என்பதில் அநேகமாகக் கருத்து வேறுபாடு இல்லை. 10 முதல் 18 வரை ஆளைப் பொறுத்தது. அந்நாட்டவர் பலர் 7 மில்லிமீட்டர் செமிடிரை உடையில் (நீர் குறைவாகவே உட்புகும் தடித்த வெட்சூட்) மகிழ்ச்சியாக இறங்குவதைப் பார்க்கலாம். கேமரன் மலைக்குப் போனாலே கம்பளிச் சட்டை தேடுகிற நம்மவர்கள் அவர்களைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்பது என் கருத்து. 15 டிகிரியிலேயே டிரைசூட்டைத் தேர்ந்தெடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதலில் அண்டர்சூட், பிறகே சூட்

புதியவர்கள் வழக்கமாகச் சூட்டின் விலையையும் நிறத்தையும் பார்த்து வாங்கிவிட்டு, உள்ளே எதை அணிவது என்று கடைசியில் யோசிக்கிறார்கள். இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். வெப்பம் தருவது அண்டர்சூட் ஆகையால், எந்த நீரில் இறங்கப் போகிறோம் என்பதை வைத்து முதலில் அதைத் தீர்மானித்து, அதை அணிந்துகொண்டுதான் சூட்டை அளவு பார்க்க வேண்டும்.

உடலை ஒட்டி இருக்கும் முதல் அடுக்கின் வேலை வியர்வையை வெளியே கடத்துவது. மெரினோ கம்பளியோ பாலிப்ரொப்பிலீனோ அதற்கு ஏற்றது. பருத்திப் பனியன் கூடாது. அது வியர்வையை உறிஞ்சி உடலோடு ஒட்டிக்கொண்டு, படகில் உடை மாற்றும்போது வியர்த்ததை எல்லாம் நீருக்கடியில் குளிராகத் திருப்பிக் கொடுக்கும். இரண்டாவது அடுக்குதான் அசல் அண்டர்சூட்: ஃபிளீஸ் துணியில் செய்தவை உண்டு; தின்சுலேட் போன்ற நுண்ணிழைகளை அடைத்துத் தைத்தவை உண்டு. பின்னதன் கனத்தைச் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று குறிப்பிடுகிறார்கள். 10 முதல் 15 டிகிரி நீருக்குச் சுமார் 200 கிராமும், அதற்கும் குளிரான நீருக்கு 300 அல்லது 400 கிராமும் தொடக்கத்திற்குப் பொருத்தமானவை. கால்களில் இறுக்கமாகப் பல காலுறைகள் அணிவதைவிடத் தளர்வான ஒரு தடித்த கம்பளிக் காலுறை நல்லது. இரத்த ஓட்டம் தடைப்பட்டால் எத்தனை அடுக்கும் உதவாது.

விலை குறைந்த அண்டர்சூட்டுகளின் குறையை எளிதில் சோதிக்கலாம். கையால் அழுத்தினால் பழைய இலவம்பஞ்சுத் தலையணைபோல் அமுங்கி, விட்டதும் எழும்பாமல் கிடந்தால், நீரின் அழுத்தத்திலும் அப்படித்தான் கிடக்கும். அழுத்தினாலும் ஓரளவு பருமனைத் தக்கவைத்துக்கொள்ளும் துணியே பணத்துக்கு மதிப்பானது.

சூட்டின் துணி

இன்று புழக்கத்தில் இருப்பவை பெரும்பாலும் இரண்டு வகைகள். நியோப்ரீன் டிரைசூட்டுகள் தாமே ஓரளவு வெப்பம் தருபவை. உடலோடு பொருந்தி இருப்பதால் நீந்துவதற்கும் வசதியானவை. ஆனால் வெட்சூட்டைப் போலவே ஆழத்தில் மெலிந்து, மிதப்பையும் வெப்பத்தையும் ஒருங்கே இழக்கின்றன, உலர நெடுநேரம் எடுக்கின்றன, கனமும் மிகுதி. முன்கூட்டியே அழுத்தி அடர்த்தியாக்கிய நியோப்ரீனில் செய்யப்பட்ட சூட்டுகள் இந்த மாற்றத்துக்குப் பெரிதும் உட்படுவதில்லை, உறுதியானவை, விலையும் அதற்கேற்ப இருக்கும். டிரைலாமினேட் எனப்படும் மூவடுக்குத் துணி, இரண்டு நைலான் அல்லது பாலியெஸ்டர் அடுக்குகளுக்கு நடுவே பியூட்டைல் ரப்பர்ப் படலத்தை வைத்துச் செய்யப்படுவது. அது தானாக வெப்பம் எதுவும் தருவதில்லை, ஆழத்தில் மாறுவதும் இல்லை, விரைவில் உலர்ந்துவிடுகிறது.

மலேசியாவில் வீடு வைத்துக்கொண்டு குளிர்நாடுகளுக்குப் போய்வரும் ஒருவர் சொந்தமாக வாங்குவதானால், டிரைலாமினேட்டையே நான் பரிந்துரைப்பேன். விமானப் பெட்டியில் அடங்கும். அண்டர்சூட்டை மாற்றினால் 4 டிகிரிக்கும் 15 டிகிரிக்கும் அதே சூட் பயன்படும். நம் ஊரின் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிப்பதற்குள் உலர்த்திவிடவும் முடியும். ஆனால் முதல் சூட்டை உடனே வாங்கத் தேவையில்லை. பல ஆயிரம் ரிங்கிட் செலவழிப்பதற்கு முன், போகிற இடத்திலேயே வாடகைக்கு எடுத்துப் பழகுவது நல்லது. பல இடங்களில் வாடகைக்குக் கிடைப்பது நியோப்ரீன் சூட்டாகத்தான் இருக்கும். கற்பதற்கு அது போதும்.

அளவைச் சோதிக்கும்போது அண்டர்சூட்டுடன் அணிந்து, குந்தி உட்கார்ந்து பாருங்கள். இரு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்துங்கள். பின்புறம் சிலிண்டரின் வால்வு இருக்கக்கூடிய இடத்தைத் தொட முடிகிறதா என்று பாருங்கள். எங்காவது இழுத்துப் பிடித்தால் சூட் சிறியது. கால்பகுதி தொளதொளவென்று இருந்தால் அதுவும் குறைதான். கூடுதல் காற்று போய்த் தங்க அங்கே இடம் கிடைத்துவிடும். பாதத்துடன் ஒட்டிய பூட்ஸ் பெரிதாக இருப்பதால், தியோமானில் பயன்படுத்திய துடுப்புகளுக்குள் அது நுழையாது என்பதையும் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

சீல்கள்: பால்மரத்தின் பங்கு

சூட்டில் மிக மெல்லிய பகுதியும், மிக அதிகமாகத் தொல்லை தருவதும் சீல்கள்தான். நியோப்ரீன் சீல்கள் வெதுவெதுப்பானவை, உறுதியானவை. ஆனால் அளவில் நெகிழ்வு குறைவு. சிலிக்கோன் சீல்கள் மென்மையானவை. ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஏற்றவை. சாதாரணப் பசையில் அவை ஒட்டாது என்பதால், வளையம் பொருத்திய சூட்டுகளில் மட்டுமே பயன்படுகின்றன. கிழிந்தால் அந்த இடத்திலேயே மாற்றிக்கொள்ளலாம் என்பது பெரிய வசதி. பரவலாகக் காணப்படுபவை லேட்டக்ஸ் சீல்கள். அவை பால்மரத்துப் பாலிலிருந்து வார்க்கப்படும் இயற்கை ரப்பர். பிரேசிலிலிருந்து லண்டனுக்கும் இலங்கைக்கும் சுற்றி வந்த கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டது 1877-இல். அவற்றில் ஒரு மரம் சுங்கை சிப்புட்டுக்கு அடுத்த ஊரான அங்கே இன்றும் பாதுகாக்கப்படுகிறது. நம் முன்னோர் விடியற்காலையில் எழுந்து வெட்டிய அதே மரத்தின் பால்தான், வட அட்லாண்டிக்கின் குளிரை நம் கழுத்துக்கு வெளியே நிறுத்துகிறது.

ரப்பரோடு வாழ்ந்த ஊர்க்காரர்களுக்கு அதன் பகைவர்களைச் சொல்லித்தர வேண்டியதில்லை: வெயில், எண்ணெய், ஓசோன், செம்பு. இவற்றுள் எண்ணெய்தான் நம்மவர்களை அதிகம் பாதிக்கிறது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு லேட்டக்ஸ் கழுத்துச் சீலைத் தலைவழியே இழுத்தால், ரப்பர் மெல்ல மெல்ல ஊதி, பிசுபிசுத்து, வலுவிழக்கும். முக்குளிக்கும் நாள்களில் எண்ணெய், வெயில்காப்புக் களிம்பு இரண்டையும் கழுத்திலிருந்தும் தலையிலிருந்தும் தள்ளி வைக்க வேண்டும். சீலுக்குள் கையும் தலையும் வழுக்கிச் செல்ல டால்கம் பவுடர் தூவலாம். ஆனால் வீட்டில் பழகிய வாசனைப் பவுடர் வேண்டா, அதில் கலந்துள்ள நறுமண எண்ணெய்கள் ரப்பருக்கு ஆகாதவை. வாசனையில்லாத் தூய டால்க் போதும்.

மணிக்கட்டில் கட்டியிருக்கும் கோயில் கயிறோ கறுப்புக் கயிறோ சீலுக்கு அடியில் அகப்பட்டால், அதன் வழியே நீர் உள்ளே ஊறிவரும். சூட்டின் கைப்பகுதிக்குள் குளிர்ந்த நீர் சொட்டுச் சொட்டாக ஏறுவதன் காரணம் அநேகமாக இதுவாகவே இருக்கும். கழற்ற மனமில்லாதவர்கள் அதை முழங்கைக்கு மேலே நகர்த்திக் கட்டிக்கொள்ளலாம். காப்பு, கைக்கடிகாரம், தோடு, கூர்நகம் எல்லாம் சீலைக் கிழிக்கக்கூடியவை. நீண்ட கூந்தலை உயர்த்திக் கட்டி, ஒரு மயிரிழையும் கழுத்துச் சீலுக்கடியில் சிக்காமல் துணையாள் பார்த்துவிட வேண்டும். மெலிந்த கைகள் உடையவர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு: விரல்களை இறுக்கும்போது மணிக்கட்டின் உட்புறத்தில் தசைநாண்கள் புடைத்து, அவற்றுக்கு இடையே வாய்க்கால்போல ஒரு வழி திறக்கும். சீலைச் சற்று மேலே, கை பருமனாகும் இடத்துக்கு இழுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகும்.

புதிய கழுத்துச் சீல் இறுக்கமாக இருப்பது இயல்பு. ஆனால் அந்த இறுக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு. கழுத்தின் இருபுறத் தமனிகளின் மேலும் அழுத்தம் மிகுந்தால், உடல் அதை உயர் இரத்த அழுத்தம் என்று தவறாக எடுத்துக்கொண்டு இதயத்துடிப்பைக் குறைத்துவிடும். தலைசுற்றும், மயக்கம்கூட வரலாம். அணிந்து சில நிமிடங்களில் முகம் கனப்பதுபோலோ தலை கிறுகிறுப்பதுபோலோ இருந்தால் அந்தச் சூட்டில் இறங்கக் கூடாது. சீலின் மேல் வார்க்கப்பட்டுள்ள வளையக்கோடு ஒன்றை ஒட்டிக் கூரிய கத்தரிக்கோலால் ஒரே சீராக வெட்டித் தளர்த்துவது வழக்கம். ஒரு நேரத்தில் ஒரு வளையம் மட்டும், பழகிய கையால் மட்டும் வெட்டப்பட வேண்டும். வெட்டு பிசிறாக இருந்தால் அந்தப் பிசிறிலிருந்தே பின்னர் கிழியும்.

ஊர் திரும்பியதும் நல்ல நீரில் அலசி, உள்ளும் புறமும் நிழலில் உலர்த்தி, சீல்களில் டால்க் தூவி, மடிக்காமல் சுருட்டி வையுங்கள். தகரக் கூரைக்கு நேர்கீழே உள்ள பரணும், மோட்டார் ஓடும் குளிர்பதனப் பெட்டியின் பின்புறமும் அதற்கு ஏற்ற இடங்கள் அல்ல. முன்னதில் வெப்பம், பின்னதில் ஓசோன்.

ஜிப்பு பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். உலோக ஜிப்புக்கு வெளிப்புறப் பற்களில் மெழுகு தேய்க்க வேண்டும். பிளாஸ்டிக் ஜிப்புக்கு அது சென்று முடியும் முனையில் தயாரிப்பாளர் தரும் களிம்பைப் பூச வேண்டும். தோளுக்குப் பின்னால் குறுக்கே செல்லும் ஜிப்பை மூடப் பிறர் உதவி வேண்டும். மார்பின் குறுக்கே செல்வதைத் தானே மூடிக்கொள்ளலாம். எதுவாயினும், கடைசி ஒரு சென்டிமீட்டர் வரை மூடியிருக்கிறதா என்று துணையாள் கண்ணால் பார்த்துச் சொல்வது கட்டாயம். காற்றை வெளியேற்றும் வால்வு இடது மேற்கையில் இருக்கும். திருகினால் திறக்கும், மூடும். தலைக்கும் கைக்கும் தனியே நியோப்ரீன் முக்காடும் கையுறையும் வேண்டும். சிலிண்டரின் காற்றை மூச்சுக்குத் தரும் கருவியான ரெகுலேட்டரை வாடகைக்கு எடுக்கும்போதும் கவனியுங்கள்: ஐரோப்பியத் தரநிலையான ஈஎன் 250-இன்படி, குளிர்நீர்ச் சோதனையில் தேறாதவற்றில் 10 டிகிரிக்கு மேல் மட்டும் என்னும் குறி இருக்கும். அவை சில்ஃப்ரா போன்ற இடத்தில் உறைந்து, காற்றை நிறுத்தாமல் கொட்டத் தொடங்கலாம்.

எடைக் கணக்கு

நீருக்கடியில் 1 லிட்டர் காற்று ஏறக்குறைய 1 கிலோ மேல்நோக்கிய விசையைத் தருகிறது. இந்த ஒன்றை வைத்தே மீதி எல்லாவற்றையும் கணக்கிடலாம்.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். தியோமானில் 3 மில்லிமீட்டர் வெட்சூட், 11 லிட்டர் அலுமினியச் சிலிண்டர், 4 கிலோ எடை ஆகியவற்றுடன் சரியாக மிதப்புச் சமநிலையில் இருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வெட்சூட்டின் மிதப்பு 2 கிலோ என்று வைத்தால், அதைக் கழற்றியதும் அவருக்குத் தேவை 2 கிலோதான். இப்போது டிரைலாமினேட் சூட்டும் 200 கிராம் அண்டர்சூட்டும் அணிகிறார். அவற்றுள் 8 லிட்டர் காற்று தங்குவதாகக் கொண்டால், தேவை 10 கிலோ ஆகிறது. நியோப்ரீன் முக்காட்டுக்கும் கையுறைக்கும் 1 கிலோ சேர்த்தால் 11. குளிர்நாடுகளில் பெரும்பாலும் எஃகுச் சிலிண்டர் தருவார்கள். வழக்கமான அலுமினியச் சிலிண்டர் காலியாகும்போது சுமார் 2 கிலோ மிதப்பைப் பெற்றுவிடும். எஃகு அப்படி மிதக்காது. ஆகவே 2 கிலோ குறைந்து 9 கிலோவுக்கு வருகிறது.

இதுவரை கடல்நீர். கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் 2.5 விழுக்காடு அடர்த்தியானது. ஆளும் உடையும் சிலிண்டரும் எடையும் சேர்ந்து 100 கிலோ என்றால், நன்னீரில் ஏறக்குறைய 2.5 கிலோ குறைவாகவே தேவைப்படும். சில்ஃப்ராவில் இருப்பது லாங்யோகுல் பனியாற்றிலிருந்து உருகி, எரிமலைப் பாறைகளுக்குள் பல பத்தாண்டுகள் ஊறி வடிந்து வரும் நன்னீர். ஸ்காப்பா ஃப்ளோவில் 9 கிலோ அணிந்தவர் அதே உடையுடன் அங்கே 6.5 கிலோ அணிந்தால் போதும். அண்டர்சூட்டை 400 கிராமுக்கு மாற்றினால் மீண்டும் ஏறும். நான் எடுத்துக்கொண்ட எண்கள் கணக்கின் போக்கைக் காட்டுவதற்கானவை. உடல்வாகும் துணியும் ஆளுக்கு ஆள் மாறுபடுவதால், உங்கள் எண்ணை நீரில்தான் கண்டுபிடிக்க முடியும். உடல் எடையில் இத்தனை விழுக்காடு என்று சொல்லப்படும் சூத்திரங்களைச் சோதனையைத் தொடங்குவதற்கான ஊகமாக மட்டுமே கொள்ள வேண்டும்.

சோதனைக்கு உரிய நேரம் முக்குளிப்பின் முடிவு. சிலிண்டரில் சுமார் 50 பார் அழுத்தத்துக்குக் காற்று மீதமிருக்க, பிசிடியை (காற்றை ஏற்றி மிதப்பைக் கட்டுப்படுத்தும் மேற்சட்டை) காலி செய்து, சூட்டின் வெளியேற்று வால்வை முழுவதும் திறந்து, 5 மீட்டர் முதல் 3 மீட்டர் வரையான ஆழத்தில் அசையாமல் நிற்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடிவில் ஏன் என்றால், காற்றுக்கும் எடை உண்டு. 1 லிட்டர் காற்று ஏறக்குறைய 1.2 கிராம். 12 லிட்டர்ச் சிலிண்டரில் 200 பாரிலிருந்து 50 பார் வரை பயன்படுத்தினால் 1,800 லிட்டர், அதாவது 2 கிலோவுக்குச் சற்று மேல், மூச்சாக வெளியேறிவிடுகிறது. நிரம்பிய சிலிண்டருடன் தொடக்கத்தில் சரியாக இருந்தவர், பாதுகாப்பு நிறுத்தத்தில் (மேலேறும் வழியில் 5 மீட்டரளவில் சில நிமிடங்கள் நிற்பது) அவ்வளவு மிதப்புடன் மேலே இழுக்கப்படுவார். தொடக்கத்திலேயே சோதிக்க நேர்ந்தால், கிடைத்த விடையுடன் அந்த 2 கிலோவைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சோதனையில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. தொடக்கநிலை வகுப்புகளில் அது போதிய அழுத்தம் பெறுவதில்லை என்றே நினைக்கிறேன். 5 மீட்டரில் நிற்க முடிந்தால் மட்டும் போதாது, அப்போது சூட்டுக்குள் வெப்பம் காக்கும் அளவுக்குக் காற்று எஞ்சியிருக்கவும் வேண்டும். எடை குறைவாக அணிந்தவர், கீழே நிற்பதற்காகக் கடைசித் துளிக் காற்றையும் வெளியேற்றிவிடுவார், துணி உடலை நெரிக்கும், அண்டர்சூட் சப்பையாகும். முக்குளிப்பின் இறுதியில், ஏற்கெனவே குளிர்ந்துபோன உடலுடன், அசையாமல் நிற்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் வெப்பம் மிகவும் தேவை. அந்நேரத்தில் ஒரு கிலோ மிச்சம் பிடித்ததற்காக நடுங்குவது நல்ல பேரம் அல்ல.

மறுபுறம், பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று இரண்டு மூன்று கிலோ கூடுதலாகக் கட்டிக்கொள்வது இன்னும் பெரிய தவறு. 20 மீட்டரில் 2 கிலோ மிகை எடையைத் தாங்க 2 லிட்டர் கூடுதல் காற்றை ஏற்றியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். அங்கே அழுத்தம் 3 வளிமண்டலம். 10 மீட்டருக்கு ஏறியதும் அந்தக் காற்று 3 லிட்டராகும்; வெளியேற்றாமல் விட்டால் நீர்மட்டத்தில் 6 லிட்டர். உள்ளேயுள்ள மற்றக் காற்றும் கூடவே விரிகிறது. காற்றின் அளவு மிகுந்தால் மேலேறும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது கடினமாகும்; கடைசி 10 மீட்டரில்தான் விரிவு மிகக் கடுமையானது.

எடையை எங்கே வைப்பது

9 கிலோவையும் ஒரே இடுப்புப் பட்டையில் கோத்தால், வழுவழுப்பான டிரைலாமினேட் துணியின் மேல் அது நழுவும். இடுப்பு மெலிந்தவர்களுக்குக் கழன்றே போகலாம். முழு எடையும் ஒரே நொடியில் கழன்றால் தடுக்க முடியாத வேகத்தில் மேலே போக நேரிடும். ஆகவே ஒரு பகுதியைத் தோள்வார் வைத்த பட்டையிலோ பிசிடியின் கழற்றக்கூடிய பைகளிலோ வைத்து, மற்றொரு பகுதியைச் சிலிண்டர்ப் பட்டையிலுள்ள சிறு பைகளில் வைப்பது நல்லது. எஃகு முதுகுத்தகடு பயன்படுத்துபவர்களுக்கு 2 அல்லது 3 கிலோ அதிலேயே சேர்ந்துவிடுகிறது. கழற்றக்கூடிய பகுதி, நீர்மட்டத்தில் உங்களை உறுதியாக மிதக்க வைக்கும் அளவுக்கு இருந்தால் போதும்.

கணுக்கால் எடைகள் பற்றி ஆளுக்கொரு கருத்து உண்டு. காற்று காலுக்குப் போவதை அவை ஓரளவு தடுக்கின்றன என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு உதைக்கும் அந்த எடையையும் சேர்த்து உதைக்க வேண்டியிருக்கும். மூச்சு அதிகம் செலவாகும். முதலில் கனமான ரப்பர்த் துடுப்புகளையும், கால்பகுதி இறுக்கமான சூட்டையும் முயன்று பார்த்துவிட்டு, அப்போதும் கால் மேலே தூக்கினால் அரை அரைக் கிலோவாக இவற்றை அணியலாம்.

நீரில் முதல் முறை

டிரைசூட்டைத் தாமாகப் படித்துத் தெரிந்துகொண்டு இறங்கக் கூடாது. பேடி என்னும் முக்குளிப்புப் பயிற்சி அமைப்பின் டிரைசூட் பயிற்சியில், நீச்சல்குளம் போன்ற கட்டுப்பாடான நீரில் ஒரு பயிற்சியும் திறந்த நீரில் இரண்டு முக்குளிப்புகளும் உண்டு. மற்ற அமைப்புகளும் இதையொத்த பயிற்சி தருகின்றன. சில்ஃப்ராவில் முக்குளிக்க டிரைசூட் சான்றிதழையோ முந்தைய டிரைசூட் முக்குளிப்புகளின் பதிவையோ கேட்பார்கள். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு இதை அறிந்து ஏமாறுவதைவிட முன்கூட்டியே முடித்துக்கொள்வது நல்லது.

பயிற்சியில் முக்கியமாகக் கேட்டுக் கற்க வேண்டியவை மூன்று. இறங்கும்போது துணி உடலை நெரிக்கத் தொடங்கும் கணத்திலேயே, நெடிய ஒரு தள்ளாக அல்லாமல், குட்டிக்குட்டி அழுத்தங்களாகக் காற்றை ஏற்ற வேண்டும். ஏறும்போது வெளியேற்று வால்வு உடலின் மிக உயர்ந்த இடமாக இருக்கும்படி இடது முழங்கையை உயர்த்த வேண்டும். வால்வு தாழ்ந்திருந்தால் காற்று வெளியேறாது. மூன்றாவது, கால்கள் மேலாகவும் தலை கீழாகவும் ஆகிவிடும் நிலை. காற்றெல்லாம் பாதத்துக்கு ஓடிவிட, கையிலுள்ள வால்வு பயனற்றுப் போய், கால் முன்னே மேலே இழுக்கப்படுவீர்கள். உடனே முழங்கால்களை மார்போடு மடக்கி, முன்புறமாக உருண்டு நிமிர்ந்து, காற்றை வெளியேற்ற வேண்டும். இதை ஆழமற்ற நீரில், பயிற்றுநர் அருகிலிருக்க, அனிச்சையாக வரும்வரை செய்து பழக வேண்டும். நிரப்பும் வால்வு சிக்கிக்கொண்டு காற்று நிற்காமல் வந்தால் குழாயைப் பிடுங்கிவிடுவதும் இதே வகுப்பில் கற்க வேண்டியது. தடித்த கையுறையுடன் அதைச் செய்ய முடிகிறதா என்று கரையிலேயே பாருங்கள்.

நீருக்கடியில் மிதப்பைச் சூட்டால் கட்டுப்படுத்துவதா, பிசிடியாலா என்பதில் இரு மரபுகள் உள்ளன. ஒரே சிலிண்டருடன் 20 மீட்டருக்குள் இருக்கும் தொடக்கநிலையினர் நீருக்கடியில் சூட்டை மட்டும் பயன்படுத்தி, பிசிடியை நீர்மட்டத்துக்கு ஒதுக்குவது எளிது என்பது என் எண்ணம். காற்று இரண்டு இடங்களில் விரிவதைவிட ஓரிடத்தில் விரிவதைக் கவனிப்பது சுலபம். எடை சரியாக இருந்தால்தான் இது நடக்கும். மிகை எடையைச் சூட்டின் காற்றால் தாங்குபவருக்குக் கழுத்துவரை காற்று ததும்பி, ஒவ்வோர் அசைவிலும் அது இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

ஒவ்வொரு முக்குளிப்பின் பிறகும் பதிவேட்டில் நீரின் வெப்பநிலை, நன்னீரா கடல்நீரா, சூட்டின் வகை, அண்டர்சூட்டின் கனம், சிலிண்டரின் வகையும் கொள்ளளவும், அணிந்த எடை, அது எங்கெங்கே பிரித்து வைக்கப்பட்டது, 50 பாரில் 5 மீட்டரில் நின்றபோது எப்படி இருந்தது ஆகியவற்றை எழுதி வையுங்கள். அடுத்த பயணம் ஓராண்டு கழித்து வரலாம். நடுவே உடல் எடையும் மாறியிருக்கலாம். அந்தக் குறிப்பிலுள்ள எண்ணிலிருந்து தொடங்கி, மாறியவற்றை மட்டும் கூட்டியோ கழித்தோ ஓர் ஊகத்துக்கு வந்து, முதல் நாள் ஆழமற்ற இடத்தில் மீண்டும் சோதித்துக்கொள்ளலாம்.